மானிப்பாய் முதல் மலைநாடு வரை: மருத்துவச் சொற்கள் நடந்த வழி

ஒரு மொழியின் வரலாற்றை எழுதப் புகுவோர், அம்மொழியின் காப்பியங்களையும் இலக்கணங்களையும் அடிப்படையாகக் கொண்டே பெரும்பாலும் எழுதுவர். அது முறையே. ஆயினும், நோயுற்ற ஒருவன் தன் நோயை எந்தச் சொல்லால் சொன்னான், மருத்துவன் எந்தச் சொல்லால் அதற்கு மறுமொழி கூறினான் என்பதும் மொழி வரலாற்றின் ஒரு கூறேயாகும். அவ்விருவர் சொற்களும் ஒன்றையொன்று சந்திக்காவிடில் நல்ல மருந்தும் பயனற்றுப் போகும். இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியது நூலன்று. பிரிஞ்சாங்கில் நான் கண்ட ஒரு நிகழ்ச்சி.

கேமரன் மலையில், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்தது எங்கள் ஊர். இங்குள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றில் நெடுங்காலம் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற மூதாட்டி ஒருவர், கால் வீக்கம் கண்டு மருத்துவமனைக்குச் சென்றார். அவர் அறிந்த மலாய் சந்தைக்கு மட்டுமே போதுமானது. ஆகவே, எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டில் பயின்ற தம் பேர்த்தியைத் துணைக்கு அழைத்துச் சென்றார். மருத்துவர் பொறுமையாகவே விளக்கினார். ‘புவா பிங்காங்’ பழுதடைந்து வருகிறது, உப்பைக் குறைக்க வேண்டும், குறித்த நாளில் மீண்டும் வர வேண்டும் என்றார். மலாயில் ‘புவா’ என்றால் கனி; ‘பிங்காங்’ என்றால் இடுப்பு. அச்சிறுமி தான் அறிந்த சொல்லைக் கொண்டு, “பாட்டி, உங்களுக்கு இடுப்பிலே கோளாறாம்” என்றாள். கூடை சுமந்த இடுப்பு நோகாமல் என்ன செய்யும் என்று எண்ணிய மூதாட்டி, பல மாதங்கள் தைலம் தேய்த்துக்கொண்டார். கருவாடும் ஊறுகாயும் உணவில் குறையவில்லை. இடுப்பு வலிக்கு மருத்துவர் எதற்கு என்று, குறித்த நாளில் அவர் மருத்துவமனைக்குச் செல்லவுமில்லை. மறுமுறை சென்றபோது, வாரம் மும்முறை இயந்திரத்தின் துணையால் இரத்தத்தைத் தூய்மை செய்ய வேண்டிய நிலை வந்திருந்தது.

‘புவா பிங்காங்’ என்பது சிறுநீரகம். செய்தியறிந்து அச்சிறுமியை அழைத்து, சிறுநீரகத்தின் பணி யாதென வினவினேன். இரத்தத்திலுள்ள கழிவை வடிகட்டிச் சிறுநீராக வெளியேற்றுவது எனத் தடையின்றி விடை கூறினாள். நான்காம் ஆண்டு அறிவியற் பாடத்தில் அவள் அதனைப் படித்திருந்தாள். தேர்விலும் சரியாக எழுதியிருந்தாள். மலாயில் அதற்கு என்ன பெயர் என்று கேட்டபோது தலை கவிழ்ந்தாள். தவறு மருத்துவரிடம் இல்லை, அப்பிள்ளையிடமும் இல்லை. சொல்லைக் கற்பித்த நாங்கள், அச்சொல் எங்கே பயன்படப் போகிறது என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. அன்றுமுதல் மருத்துவச் சொற்களின் வரலாற்றை நான் தேடலானேன். அத்தேடல் என்னை முதலில் யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்கு இட்டுச் சென்றது.

மானிப்பாயில் ஒரு மருத்துவர்

சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர், மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் 1822ஆம் ஆண்டு பிறந்தவர். அமெரிக்க மிஷனைச் சார்ந்து 1847இல் இலங்கைக்கு வந்த அவர், மறு ஆண்டு மானிப்பாயில் மருத்துவப் பணியையும் மருத்துவக் கல்வியையும் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆனால், ஆங்கிலத்தில் பயின்ற மாணவர் பலர் அரசுப் பணியையும் வெளியூரையும் நாடிச் செல்வதை அவர் கண்டார். தமிழில் பயின்றவரே தம் ஊர் மக்களிடையே தங்கி மருத்துவம் செய்வர் என்பது அவர் கொண்ட முடிவு. ஆகவே 1860களில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தலைப்பட்டார்.

கற்பிக்க நூல் வேண்டுமன்றோ? கிறீன் தாமும் தம் மாணவர் துணைகொண்டும் மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். மகப்பேற்று மருத்துவம் பற்றிய ‘பிரசவ வைத்தியம்’ 1857இலும், அறுவை மருத்துவம் பற்றிய ‘இரண வைத்தியம்’ 1867இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’ என்னும் இரண்டும் 1872இலும், ‘கெமிஸ்தம்’ 1875இலும், ‘மனுஷ சுகரணம்’ 1883இலும் வெளிவந்தன. இவற்றுள் ‘மனுஷ அங்காதிபாதம்’ கிரே என்பார் எழுதிய உடற்கூற்று நூலின் தமிழ் வடிவம். அம்மூலநூல் இலண்டனில் வெளிவந்தது 1858இல் ஆகும். பதினான்கே ஆண்டுகளில் அது தமிழ் பேசிற்று என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது. அவர் முயற்சியால் தமிழில் உருவான மருத்துவ நூற்பக்கங்கள் 4,000க்கும் மேற்பட்டவை. அவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதுக்கும் மேற்பட்டோர். 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் தமிழ் நூற்பணியைக் கைவிடாத அவர், 1884இல் மறைந்தார். மானிப்பாயில் அவர் பெயரால் ஒரு மருத்துவமனை விளங்குகின்றது. ஈழத்துக் கவிஞர் அம்பி, ‘கிறீனின் அடிச்சுவடு’ என்னும் நூலை 1967இல் எழுதி அவரை நினைவுகூரச் செய்தார்.

சொல்லாக்கத்தில் கிறீன் ஒரு படிமுறையைப் பின்பற்றினார். தமிழில் வழங்கும் சொல்லை முதலில் தேடுவது. கிடைக்காவிடின் வடமொழியை நாடுவது. அங்கும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இயையத் திரித்துக்கொள்வது. அவர்தம் நூற்பெயர்களே இதற்குச் சான்றாகின்றன. ‘இரணம்’ என்பது புண் என்று அன்றைய உழவரும் அறிவர். ஆகவே ‘இரண வைத்தியம்’ கேட்டவுடன் விளங்கும் சொல். ‘அங்காதிபாதம்’ வடசொற்களால் ஆயது. பாதாதிகேசம், கேசாதிபாதம் என்னும் இலக்கிய வகைகளை அறிந்த தமிழாசிரியர்க்கு அதன் அமைப்புப் புதிதாகத் தோன்றாது. எளியோர்க்கு அது எட்டாது. ‘கெமிஸ்தம்’ என்பதோ ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் ஈறு சேர்த்து அமைத்தது. இன்று ‘அங்காதிபாதம்’ உடற்கூற்றியலாகிவிட்டது. ‘கெமிஸ்தம்’ தமிழகத்தில் வேதியியலாகவும் ஈழத்தில் இரசாயனவியலாகவும் மாறிவிட்டது. சொற்கள் மறைந்தன, அவற்றின் பின்னிருந்த நோக்கம் மறையத்தக்கதன்று. கேட்பவன் யார் என்று எண்ணிய பின்னரே கிறீன் சொல்லைத் தேடினார். அதுவே நாம் அவரிடம் கற்க வேண்டிய பாடம்.

சங்கங்களும் சொற்பட்டியல்களும்

கிறீனுக்குப் பின், சொல்லாக்கப் பணி தனியொருவர் கையிலிருந்து சங்கங்களின் கைக்கு மாறியது. சேலத்தில் இராசகோபாலாச்சாரியாரும் வெங்கடசுப்பையரும் 1916இல் அறிவியற் சொற்களுக்கெனத் தமிழில் ஒரு சங்கம் தொடங்கினர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தினர் 1936இல் சொல்லாக்க மாநாடு ஒன்றைக் கூட்டினர். அதற்குத் தலைமை தாங்கியவர் ஈழம் தந்த விபுலாநந்த அடிகளார். அம்முயற்சியின் பயனாகக் ‘கலைச்சொற்கள்’ என்னும் தொகுப்பு 1938இல் வெளிவந்தது. இலங்கையில் தமிழ் பயிற்றுமொழியான பின்னர் அங்கும் அரசே சொற்றொகுதிகளை வெளியிட்டது. பிற்காலத்தில் மணவை முஸ்தபா மருத்துவக் கலைச்சொற்களைத் திரட்டி அகராதியாக்கினார்.

இவ்விரு நாட்டு முயற்சிகளும் தனித்தனியே நடந்தமையால், ஒரு பொருளுக்கு இரு சொற்கள் தோன்றின. இதயத்திலிருந்து இரத்தத்தை எடுத்துச் செல்லும் குழாய் தமிழகத்தில் ‘தமனி’, ஈழத்தில் ‘நாடி’. இதயத்திற்கு இரத்தத்தைக் கொணரும் குழாய் அங்கே ‘சிரை’, இங்கே ‘நாளம்’. இரண்டும் நன்றே. எனினும் இரு கரையினின்றும் நூல் வாங்கிப் படிக்கும் மலேசிய மாணவன், இவை இரண்டும் ஒன்றே என்று யாரேனும் கூறாவிடின் மயங்குவான். அதனைக் கூற வேண்டியவர் ஆசிரியரே.

சொல்லே உடலைக் காட்டும்

கலைச்சொல் என்றவுடன் மாணவர் அஞ்சுவதற்குக் காரணம், நாம் அதனை மனனம் செய்யும் பொருளாகத் தருவதே. பிரித்துக் காட்டினால் பல சொற்கள் தாமே பாடம் நடத்தும். நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் என்னும் மூன்றையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுக. மூன்றிலும் ‘ஈரல்’ பொது. நுரை போல் காற்று நிறைந்து மென்மையாய் இருப்பது நுரையீரல், திண்ணென்றிருப்பது கல்லீரல். முன்னிற்கும் சொல் மாற உறுப்பும் மாறுகிறது. இதனை உணர்ந்த மாணவன், “ஈரல் கெட்டுவிட்டது” என்று எவரேனும் சொன்னால், “எந்த ஈரல்?” என்று கேட்பான். அக்கேள்வியே மருத்துவ அறிவின் தொடக்கம்.

‘நீரிழிவு’ என்னும் சொல்லையும் எடுத்துக்கொள்வோம். இழிவு என்றால் தாழ்வு, இகழ்ச்சி என்றே இன்றைய மாணவர் பொருள் கொள்கின்றனர். இழிதல் என்பதற்கு இறங்குதல் என்னும் பொருளுண்டு. மலையினின்று இழியும் அருவி என்னும் வழக்கை நாம் அறிவோம். நீர் மிகுதியாக இறங்கும் நோய் நீரிழிவு. ஆங்கிலத்தார் வழங்கும் ‘டயாபெட்டிஸ்’ கிரேக்கச் சொல். அதற்கும் ஊடே கடந்து செல்லுதல் என்பதே பொருள். வடமொழியில் ‘மதுமேகம்’ என்பர். மது தேனைக் குறிக்கும். மலாயில் ‘கென்சிங் மானிஸ்’, அதாவது இனிப்புச் சிறுநீர். நீர் மிகுந்து கழிவதைச் சிலர் கண்டனர். அந்நீர் இனிப்பதைச் சிலர் கண்டனர். நான்கு மொழியாரும் ஒரே நோயாளியின் படுக்கையருகே நின்று பெயரிட்டது போன்றதொரு தோற்றம் எழுகிறது. இப்பெயர்களை ஒருங்கே கற்ற பிள்ளை எம்மொழியில் கேட்டாலும் நோயை அறிந்துகொள்வான்.

சிறுநீரகம் என்பதும் இத்தகையதே. சிறுநீருக்கு அகமாகிய உறுப்பு அது. பழைய தமிழில் ‘குண்டிக்காய்’ என்றும் அதனை வழங்கினர். மலாய்க்காரர் ‘இடுப்புக் கனி’ என்றனர். தமிழர் ‘காய்’ என்றனர். வடிவத்தைக் கண்டு பெயரிட்ட மனப்பாங்கு இரு மொழியிலும் ஒன்றாக இருப்பதைக் காண்க. ‘குண்டிக்காய்’ என்னும் சொல்லை அம்மூதாட்டியின் பேர்த்திக்கு எவரேனும் ஒருமுறை சொல்லியிருந்தால், ‘புவா பிங்காங்’ என்பதைக் கேட்டபோது அவள் சற்றே நின்று சிந்தித்திருப்பாளோ என்று இன்றும் எண்ணுகிறேன்.

தடுமாறச் செய்யும் சொற்கள்

சொற்கள் யாவும் நேர்வழி காட்டும் என்று கூறவியலாது. சொற்பொருளின் காரணம் பார்த்தவுடன் புலப்படாது என்று தொல்காப்பியர் அன்றே கூறிச் சென்றார். நான் கூற விழைவது, அக்காரணம் சில வேளைகளில் தவறாகவும் இருக்கக்கூடும் என்பது. ‘மலேரியா’ என்னும் இத்தாலியச் சொல்லுக்குக் கெட்ட காற்று என்று பொருள். சதுப்பு நிலத்துக் காற்றே அந்நோயைத் தருகிறது என்று முன்னோர் நம்பினர். 1897இல் செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ், நோய்க்கிருமி கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டறிந்தார். நம் நாட்டில் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர், 1901 தொடங்கிக் கிள்ளான் பகுதிச் சதுப்புகளை வடியச் செய்து கொசுவை ஒடுக்கி, எண்ணற்ற உயிர்களைக் காத்தார். அவர்கள் அகற்றியது கெட்ட காற்றையன்று. சொல் மட்டும் பழைய பிழையைச் சுமந்தவாறே நிலைத்துவிட்டது.

நம் பேச்சுவழக்கிலும் இத்தகைய சொற்கள் உள. ‘இரத்தக் கொதிப்பு’ என்பது தோட்டப்புறத்தில் மிகப் பரவிய சொல். கொதிப்பு என்றவுடன் சினமும் சூடும் நினைவுக்கு வருகின்றன. ஆகவே, மனம் அமைதியாயிருக்கும் நாளில் மாத்திரை வேண்டுவதில்லை என்று எண்ணுவோரை நான் கண்டிருக்கிறேன். உண்மையில் இரத்தம் கொதிப்பதில்லை. குழாயின் சுவரை அது அழுத்தும் விசை மிகுகிறது. பெரும்பாலும் எவ்வித அறிகுறியும் காட்டாமலேயே அது இதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ‘இரத்த அழுத்தம்’ என்னும் சொல் இதனைச் செவ்வனே உணர்த்துகிறது. மலாயில் வழங்கும் ‘டாரா திங்கி’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘உயர்ந்த இரத்தம்’ என்றாகும். இரத்தம் கூடிவிட்டது என்று மகிழ்ந்தவரும் உண்டு!

‘நரம்பு’ என்னும் சொல் இன்னும் நுட்பமானது. பழந்தமிழில் அது யாழின் தந்தியையும் குறித்தது. உடலில் புடைத்துத் தோன்றும் குருதிக் குழாயையும் குறித்தது. இன்றைய அறிவியலில் அது மூளையின் செய்தியைக் கொண்டு செல்லும் இழைக்கு உரியதாயிற்று. ஆயினும் மக்கள், “நரம்பிலே ஊசி போட்டார்கள்” என்றே கூறுகின்றனர். நீரிழிவு நரம்பைக் கெடுக்கும், அதனால் பாதத்தில் உணர்வு குன்றும் என்று மருத்துவர் எச்சரிக்கையில், கேட்பவர் கையில் புடைத்த குருதிக் குழாயை நோக்கி, “நன்றாகத்தானே இருக்கிறது” என்று எண்ணிக்கொள்கிறார். பாதத்துப் புண் கவனிப்பாரற்று ஆழமாகிறது. ஒரு சொல்லின் இரு பொருளுக்கு இடையே ஒரு கால் இழக்கப்படுவதுண்டு.

‘ஹாத்தி’ என்னும் மலாய்ச் சொல்லும் அவ்வாறே. மலாய்க்காரர் அன்பையும் வருத்தத்தையும் ‘ஹாத்தி’யில் வைத்துப் பேசுவர், ஆகவே அதனை நம் பிள்ளைகள் நெஞ்சம் என்றும் இதயம் என்றும் பெயர்ப்பர். மருத்துவமனையில் ‘ஹாத்தி’ என்றால் கல்லீரல். இதயத்திற்கு ‘ஜந்துங்’ என்று பெயர். இது மலாய்க்கு மட்டும் உரிய விந்தையன்று. அச்சம் வந்தால் “ஈரக்குலை நடுங்குகிறது” என்று நாமும் ஈரலில்தானே உணர்ச்சியை வைத்திருக்கிறோம்!

தோட்டத்து டிரெஸரும் மும்மொழிப் பிள்ளையும்

மலைநாட்டுக்கு வந்த தமிழரின் மருத்துவ வரலாற்றில் டிரெஸருக்குத் தனியிடம் உண்டு. தோட்டத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்குக் கொய்னாவும் புண்ணுக்குக் களிம்பும் தந்தவர் அவரே. யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தராகவும் புகைவண்டி நிலைய அதிகாரியாகவும் மருத்துவ உதவியாளராகவும் இங்கு வந்தோர் பலர். அவர்களை இந்நாட்டுக்கு அழைத்துவந்தது அவர்கள் கற்ற ஆங்கிலம். மானிப்பாயில் கிறீன் வளர்த்த மருத்துவத் தமிழ் அவர்களோடு பெரிதும் கப்பலேறி வரவில்லை. நான் சிறுவனாயிருந்த காலத்தில், மருந்துப் புட்டிகளில் ஒட்டியிருந்த எழுத்து ஆங்கிலமே. எனினும் டிரெஸர், லயத்து மக்களின் பேச்சை அறிந்தவர். ஆங்கிலத்தில் எழுதியதை அவர்தம் மொழியில் சொல்லிக் கொடுத்தார். அச்சொற்களை எவரும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை.

இன்று தோட்டத்து டிரெஸரின் இடத்தில் நிற்பவர் யார்? பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளே. ஆறாண்டுகள் தமிழில் கற்கும் பிள்ளை, இடைநிலைப் பள்ளியில் மலாயிலும், பின்னர் உயர்கல்வியில் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் அறிவியலைச் சந்திக்கிறது. 2003இல் தமிழ்ப்பள்ளிகளிலும் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டுகளில் வகுப்பறையில் நின்றவன் நான். உடலுறுப்புகளின் தமிழ்ப் பெயர்களைப் பள்ளியில் முழுமையாகப் பெறாமலேயே ஓர் அணி மாணவர் வெளியேறினர். அவர்களுள் பலர் இன்று பெற்றோர்.

எனினும் சொல் வேரூன்றுவதற்கு நெடுங்காலம் வேண்டுவதில்லை. 2020 மார்ச்சு 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. சில கிழமைகளுக்குள் ‘பெருந்தொற்று’ என்னும் சொல் மக்கள் நாவில் ஏறிவிட்டது. தொற்றுதல் என்பதை அவர்கள் முன்பே அறிந்திருந்தமையே காரணம். தெரிந்த சொல்லின்மேல் கட்டிய புதுச்சொல் நிலைக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நாம் செய்யத்தக்கது

கலைச்சொல் தூய தமிழாக இருத்தல் வேண்டுமா, கடன்சொல்லாக இருக்கலாமா என்று அறிஞர் வாதிடுவர். அவ்வாதம் தேவையானதே, தமிழாசிரியனாகிய என் விருப்பம் எப்பக்கம் என்பதையும் சொல்லத் தேவையில்லை. ஆயினும் அவ்வாதம் முடியும்வரை நோய் காத்திருப்பதில்லை. எச்சொல்லாயினும் அதன் பொருள் நோயாளியைச் சென்றடைந்ததா என்பதே முதற்கேள்வி.

எங்கள் பள்ளியில் இப்போது ஒரு சிறு முறையைக் கையாள்கிறோம். அறிவியற் பாடத்தில் வரும் ஒவ்வோர் உறுப்புக்கும் நோய்க்கும் பிள்ளைகள் நான்கு கட்டங்கள் வரைவர். முதற்கட்டத்தில் பாடநூற் சொல். இரண்டாவதில் வீட்டில் பாட்டி, தாத்தா வழங்கும் சொல். மூன்றாவதில் மலாய்ச் சொல். நான்காவதில் அவ்வுறுப்பின் பணி அல்லது அந்நோயின் இயல்பு, தம் சொந்த வாக்கியத்தில். இரண்டாம் கட்டத்தை நிரப்பப் பிள்ளைகள் முதியோரை அணுக வேண்டியிருக்கிறது. அவ்வாறு அணுகும்போது பழஞ்சொல் ஒன்று பள்ளிக்கு வருகிறது. புதுச்செய்தி ஒன்று லயத்துக்குச் செல்கிறது. செலவில்லாத இம்முறையை எப்பள்ளியும் மேற்கொள்ளலாம்.

அந்த மூதாட்டி, தூய்மை செய்துகொள்ளும் சிகிச்சையைச் சில காலம் பெற்று, பின்னர் மறைந்தார். இறுதிக் காலத்தில் பேர்த்தி அவருடன் சென்ற போதெல்லாம், மருத்துவர் கூறியதை முதலில் தன் ஏட்டில் எழுதிக்கொண்டு, ஐயமுள்ள சொல்லைத் திரும்பக் கேட்டு, அதன் பின்னரே பாட்டியிடம் சொன்னாள் என்று அறிந்தேன். அவள் இப்போது இடைநிலைப் பள்ளியில் பயில்கிறாள். அண்டை வீட்டார் மருத்துவமனைக்குச் செல்லும்போது அவளையே துணைக்கு அழைக்கின்றனர்.

கடல் கடந்து வந்த ஓர் அமெரிக்கர், தமிழ் நோயாளிக்கும் தமிழ் மாணவனுக்கும் விளங்க வேண்டுமென்று வாழ்நாளின் பெரும்பகுதியைச் சொல் தேடுவதில் செலவிட்டார். அவர் தேடிய சொற்களிற் பல இன்று வழக்கில் இல்லை. தேடும் கடமையோ நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. நாளை வகுப்பில் ‘சிறுநீரகம்’ என்று எழுதும் ஆசிரியர், அச்சொல்லின் அருகே ‘புவா பிங்காங்’ என்றும் எழுதுவாராக. அதற்குத் தேவைப்படுவது ஒரு மணித்துளி. அதனால் காக்கப்படுவது ஒருவேளை ஓர் உயிராக இருக்கலாம்.